கட்டாமல் விட்ட மின்நிலையங்கள்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் சாட்சப் என்ற சிற்றூரை ஒட்டி, மரங்களுக்கு மேலே இரண்டு குளிர்கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 மீட்டர் உயரம். அவற்றிலிருந்து ஒரு நாள்கூட நீராவி எழுந்ததில்லை. 1970களில் அந்த வட்டாரத்தின் பொது மின் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்டத் தொடங்கின. நான்கு பாதியில் நின்றுபோயின. அதே மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் உள்ள ஒன்று மட்டும் 1984இல் ஓடத் தொடங்கி இன்றும் ஓடுகிறது. நான்காவதும் ஐந்தாவதும் 1982 ஜனவரியில் கைவிடப்பட்டன. அந்த இரண்டுக்காக விற்ற 225 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர இயலாது என்று 1983 ஜூலையில் கைவிரித்தார்கள். அமெரிக்க உள்ளாட்சிப் பத்திரச் சந்தையில் அதற்குமுன் அவ்வளவு பெரிய தொகை மூழ்கியதில்லை.

ஐந்து நிலையங்களையும் முடிக்க 400 கோடி டாலர் போதும் என்று ஆரம்பத்தில் சொல்லப்பட்ட மதிப்பீடு, கடைசியில் 2,400 கோடியைத் தொட்டிருந்தது. கட்டுமானச் செலவு கட்டுக்கடங்காமல் போனது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. நிலையங்கள் எழும்பிக்கொண்டிருந்த வேளையிலேயே, அவற்றை அவசியமாக்கிய மின் தேவை காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் தேவையை யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்குக் கொலம்பியா ஆற்றின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். கனடாவின் மலைகளில் பிறந்து பசிபிக்கில் கலக்கும் இந்த ஆற்றில் பெருமந்தக் காலத்தில் பான்வில், கிராண்ட் கூலி என்ற இரு பெரிய அணைகள் எழுந்தன. அவற்றின் மின்சாரத்தை விற்க 1937இல் பான்வில் மின் நிர்வாகம் என்ற மைய அரசு அமைப்பு உருவானது. நகராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், மக்கள் வாக்களித்து நிறுவிய மாவட்ட மின் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கே விற்பனையில் முதலுரிமை. தனியார் நிறுவனங்கள் அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். மின்சாரம் மலிவு என்று ஊரெங்கும் பரப்ப ஆள் தேடிய பான்வில் நிர்வாகம், 1941இல் வுடி கத்ரி என்ற நாட்டுப்புறப் பாடகரை ஒரு மாதச் சம்பளத்துக்கு வைத்தது. அவர் 26 பாடல்கள் எழுதிக் கொடுத்தார். அரசுத் துறை ஒன்று சம்பளம் கொடுத்து வாங்கிய பாடல்களில் இவ்வளவு நீண்ட ஆயுள் பெற்றவை வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

மலிவான மின்சாரம் அலுமினிய ஆலைகளை இழுத்துவந்தது. அவை பத்து ஆலைகளாகப் பெருகி, நாட்டின் அலுமினிய உற்பத்தித் திறனில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கொண்டிருந்தன. வீடுகளும் மின்சாரத்தாலேயே சூடேற்றப்பட்டன. விறகோ எண்ணெயோ வேண்டாம், மின்சாரம் அவற்றைவிட மலிவு. ஆற்றில் அணை கட்டத் தோதான இடங்கள் தீர்ந்த பிறகும் தேவை ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் என்று திட்டமிடுவோர் கோடு போட்டார்கள். 7 சதவீதம் என்றால் பத்தாண்டில் இரட்டிப்பு. முந்தைய இருபது ஆண்டுகளின் கோட்டை அப்படியே நீட்டினால் இருபதுக்கும் மேற்பட்ட அனல், அணுமின் நிலையங்கள் தேவைப்பட்டன. விலை மாறினால் தேவையும் மாறும் என்பது அந்தக் கோட்டில் இல்லை.

இதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. சியாட்டில் நகராட்சியின் மின் நிறுவனம் நான்காம், ஐந்தாம் நிலையங்களில் பங்கு வாங்கலாமா என்று 1976இல் தனியாக ஆராய்ந்தது. வீட்டுச் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் வெப்பத்தடுப்பு போடுவது அணுமின் நிலையத்தில் பங்கு வாங்குவதைவிட மலிவு என்று அந்த ஆய்வு சொல்ல, நகர்மன்றம் பங்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பான்வில் நிர்வாகி டொனால்ட் ஹோடெல், சேமிப்பை முன்வைத்தவர்களைப் பற்றாக்குறையின் தீர்க்கதரிசிகள் என்று ஒரு மேடையில் சாடியிருந்தார். ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பத்திரங்கள் மூழ்கியபோது, சியாட்டில் வாடிக்கையாளர்கள் அந்த இரு நிலையங்களுக்கு ஒரு சென்ட்டும் தர வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சண்டையின் நடுவே பிறந்ததுதான் வடமேற்கு மின்சக்திச் சட்டம். 1980 டிசம்பர் 5 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ, மொன்டானா ஆகிய நான்கு மாநில ஆளுநர்களும் ஆளுக்கு இருவரை நியமிக்க, எட்டு உறுப்பினர் கொண்ட ஒரு மன்றம் போர்ட்லண்டில் அமைந்தது. இருபது ஆண்டுகளுக்கான மின்திட்டம் ஒன்றை அது எழுத வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். சொந்தமாக ஓர் அணையோ மின்கம்பமோ அதற்குக் கிடையாது, கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரமும் கிடையாது. பான்வில் நிர்வாகம் புதிதாக மின்சாரம் வாங்கும்போது இந்தத் திட்டத்துக்கு ஒத்து நடக்க வேண்டும் என்பதே அதன் கையிலிருந்த ஒரே பிடி. மாநிலங்கள் நியமித்த மன்றம் மைய அரசு அமைப்பைக் கட்டுப்படுத்தலாமா என்று கட்டடத் தொழில்துறையினர் தொடுத்த வழக்கை 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சட்டத்தின் உயிர்நாடி அது வகுத்த வரிசையில் இருக்கிறது. முதலில் சேமிப்பு. அடுத்துக் காற்று, வெயில் போன்ற புதுப்பிக்கத்தக்கவை. மூன்றாவதாக, எரிபொருளை வீணாக்காத கூட்டு உற்பத்தி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சேமிப்புக்கு விலை ஒப்பீட்டில் 10 சதவீதச் சலுகை வேறு. ஒரு யூனிட்டை மிச்சப்படுத்த எவ்வளவு செலவாகிறது, ஒரு யூனிட்டை உற்பத்தி செய்ய எவ்வளவு செலவாகிறது என்ற இரண்டையும் ஒரே தராசில் வைத்து, மலிவானதை வாங்கு என்று சட்டம் சொன்னது. விளக்கை அணை, வீணாக்காதே என்ற புத்திமதி இதில் எங்கும் இல்லை. வீட்டுக்காரர் அதே வெதுவெதுப்பில் இருப்பார். அவர் வீட்டுச் சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடும் செலவை மின் நிறுவனம் ஏற்கும், மின்நிலையம் கட்டுவதற்குப் பணம் போடுவதைப் போலவே.

மன்றத்தின் முதல் தலைவர் வாஷிங்டன் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டான் எவன்ஸ். 1983 ஏப்ரலில் வெளிவந்த முதல் திட்டம் செய்த பெரிய காரியம், எதிர்காலத் தேவை இவ்வளவுதான் என்று ஒற்றை எண்ணைச் சொல்ல மறுத்தது. பொருளாதாரம் பொங்கினால் இவ்வளவு, படுத்தால் இவ்வளவு, இடையில் இரண்டு நிலைகள் என்று ஒரு வீச்சைக் கொடுத்தது. வீச்சு அகலமாக இருந்தால், கட்டி முடிக்கப் பத்தாண்டு பிடிக்கும் ஒரு நிலையத்தின் உண்மையான விலை அதன் மதிப்பீட்டில் தெரிவதைவிட மிகவும் கூடுதல் ஆகிவிடுகிறது. தேவையே வராமல் போகும் வாய்ப்பையும் அதன் கணக்கில் எழுத வேண்டும். சேமிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறுசிறு துண்டுகளாக வாங்கலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டட விதிகளில் வெப்பத்தடுப்பைக் கட்டாயமாக்கிவிட்டால் இன்னும் வசதி. ஊர் வளர்ந்து வீடுகள் பெருகும்போது சேமிப்பும் தானே பெருகும், ஊர் தேங்கினால் அதுவும் தேங்கும். அணுமின் நிலையத்துக்கு இந்தக் குணம் கிடையாது. பெரிய நிலையங்களைப் பொறுத்தவரை, இடமும் உரிமமும் வாங்கி வைத்துக்கொள், கட்டுவதைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடு என்றது திட்டம். இன்று நிதித்துறையில் இதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி. ஒரு பொது அமைப்பு அதை 1983இலேயே மின்சாரத்துக்குப் பொருத்திப் பார்த்தது சாதாரண விஷயமில்லை.

சேமிப்பு காகிதத்தில் இனிக்கும், மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள் என்ற ஐயத்தைத் தீர்க்க ஆரிகனின் ஹூட் ரிவர் பகுதியைச் சோதனைக்கூடமாக்கினார்கள். மின்சாரத்தால் சூடேற்றும் வீடுகள் அனைத்துக்கும் முழுச் செலவையும் ஏற்று வெப்பத்தடுப்பு போட்டுத் தருவதாக 1980களின் நடுவில் அறிவிக்க, பெரும்பாலான வீட்டார் முன்வந்தார்கள். பணம் தடையாக இல்லையென்றால் மக்கள் தடையாக இல்லை என்பது தெரிந்துபோனது. ஆனால் கணக்கிட்ட அளவுக்குச் சேமிப்பு கிடைக்கவில்லை. பல வீட்டார் முன்பே விறகடுப்பால் மின்செலவைக் குறைத்திருந்தார்கள். அதன் பிறகு, காகிதக் கணக்கை மீட்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அந்த வட்டாரத்தில் வழக்கமாயிற்று.

1990களில் காற்று திசை மாறியது. 1992ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம் மொத்த விற்பனையில் போட்டிக்கு வாசல் திறந்தது. 1996இல் மைய ஒழுங்குமுறை ஆணையம், மின்கடத்தல் பாதை வைத்திருப்பவர் அதை எவருக்கும் ஒரே கட்டணத்தில் திறந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டது. எரிவாயு மலிந்து கிடந்தது, எரிவாயுச் சுழலிகளின் திறன் கூடியிருந்தது. வடமேற்கின் சந்தை விலை யூனிட்டுக்கு 2 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. பான்வில் நிர்வாகமோ நின்றுபோன அணுமின் நிலையங்களின் கடன், அணைகளால் குறைந்த ஆற்று மீன்வளத்தைக் காக்கும் செலவு எல்லாவற்றையும் தன் கட்டணத்தில் சுமந்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டாக அதன் வாசலில் வரிசையில் நின்றவர்கள் வெளியே போகும் வழி தேடினார்கள். வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க அது செலவைக் குறைத்தது. கத்தி முதலில் விழுந்தது சேமிப்பின் மேல்.

இதைக் குறுகிய புத்தி என்று பழிப்பது எளிது. ஆனால் போட்டிக்குள் நிற்கும் ஒரு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் தர்க்கம் உண்டு. நான் வெப்பத்தடுப்புக்குச் செலவழித்தால் என் கட்டணம் இந்த ஆண்டே கூடும். பலன் இருபது ஆண்டுகளுக்குப் பரவி, முழு வட்டாரத்துக்கும் போய்ச் சேரும். பக்கத்து நிறுவனம் செலவழிக்காமல் என் வாடிக்கையாளரை இழுத்துக்கொள்ளும். எல்லோருக்கும் லாபமான ஒரு காரியத்தைத் தனித்தனியே யாரும் செய்ய மாட்டார்கள். சந்தை நேர்மையாக நடந்தாலும் சரிசெய்ய முடியாத ஓட்டை இது.

நான்கு ஆளுநர்களும் 1996இல் கூட்டிய மின்துறையின் முழுமையான மறுஆய்வு இந்த ஓட்டையை அறிந்தே இருந்தது. மின்விற்பனை வருவாயில் 3 சதவீதத்தைச் சேமிப்பு, புதுப்பிக்கத்தக்க மின்சாரம், ஏழை வீடுகளுக்கான உதவி ஆகியவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இந்தத் தொகை ஒன்றே என்றால், போட்டியில் யாருக்கும் நட்டமில்லை. ஆரிகன் இதை 1999இல் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. அதே காலத்தில் மின் நிறுவனங்கள் கூட்டாக ஒரு கழகம் அமைத்தன. வீடு வீடாகப் போவதை விட்டு, சலவை இயந்திரம், சன்னல், விளக்கு தயாரிப்பவர்களிடமும் கடைக்காரர்களிடமும் பேசிச் சரக்கையே மாற்றும் வேலையை அது எடுத்துக்கொண்டது. சந்தையை வைத்தே சேமிப்பை நடத்திய இந்த முயற்சி, போட்டி யுகம் வடமேற்குக்குக் கொடுத்த நல்ல வரவு என்பேன்.

மலிவு விலை இன்னொன்றையும் நிறுத்தி வைத்திருந்தது. விலை இவ்வளவு கீழே இருக்கும்போது புது நிலையம் கட்ட எந்தத் தனியாரும் வரவில்லை. தேவை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. 2003க்குள் ஏதேனும் ஒரு குளிர்காலத்தில் தேவை முழுவதையும் நிறைவேற்ற முடியாமல் போகும் வாய்ப்பு 24 சதவீதம் என்று 2000 மார்ச்சில் மன்றம் எச்சரித்தது. அது பொறுக்கக்கூடியதாகக் கருதிய அளவு 5 சதவீதம்தான். எச்சரிக்கை அச்சேறிய இரண்டே மாதத்தில் கலிஃபோர்னியாச் சந்தை வெடித்தது.

கலிஃபோர்னியாவும் வடமேற்கும் ஒரே கம்பியில் கட்டப்பட்டவை. ஆரிகனின் டால்ஸ் அருகேயிருந்து லாஸ் ஏஞ்சலிஸ்வரை 1970 முதல் நேர்மின் பாதை ஓடுகிறது. வடக்கில் குளிர்கால உச்சம், தெற்கில் கோடைக்கால உச்சம். மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கலாம். நல்ல காலத்தில் இரு பக்கமும் லாபம் பார்த்த ஏற்பாடு இது. 2000 கோடையில் அதே பாதை வழியாக விலையும் வடக்கே வந்தது. முன்பு 2, 3 சென்ட்டுக்கு விற்ற யூனிட் அந்த டிசம்பரில் சில நாட்களில் ஒரு டாலரையும் தாண்டியது. என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் வணிகர்கள் செயற்கையாக நெரிசலைக் காட்டிப் பணம் பறித்த கதை பிற்பாடு ஒலிநாடாக்களோடு வெளிவந்தது. அந்த நாடாக்களை வாங்கி அம்பலப்படுத்தியது வாஷிங்டனின் ஸ்னோஹோமிஷ் மாவட்டப் பொது மின் நிறுவனம். ஆனாலும் எல்லாவற்றையும் என்ரான் தலையில் கட்டிவிட முடியாது. 2001இல் வானமும் பொய்த்தது. கொலம்பியா ஆற்றில் டால்ஸுக்கு ஜனவரி முதல் ஜூலைவரை வந்த தண்ணீர், வழக்கத்தில் பாதிக்குச் சற்றே மேல்.

இங்கே நீர்மின்சாரத்தின் குணத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வடமேற்கின் அணைகள் சராசரி ஆண்டில் 16,000 மெகாவாட்டை இடைவிடாமல் கொடுப்பதற்குச் சமமான மின்சாரம் தரும். மோசமான ஆண்டில் அது 12,000க்கு இறங்கும். இடைவெளி நான்கு அணுமின் நிலையங்களின் அளவு. ஆண்டு வரத்தில் பாதியைக்கூடத் தேக்கி வைக்க அணைகளில் இடமில்லை, ஆகவே நல்ல ஆண்டின் மிச்சத்தைக் கெட்ட ஆண்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. பனி பொழிந்த ஆண்டில் சந்தை வழிந்து விலை சரியும், பொழியாத ஆண்டில் எகிறும். இன்றைய விலையைப் பார்த்து முதலீடு செய்பவருக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் நேற்றைய மழையின் செய்தி.

2001இல் செய்தவை எல்லாம் தீயணைக்கும் வேலைகள். பான்வில் நிர்வாகம் அலுமினிய ஆலைகளுக்குப் பணம் கொடுத்து மூடச் சொன்னது. உழவர்களுக்குப் பணம் கொடுத்துப் பம்புகளை நிறுத்தியது. ஓர் ஆலை தனக்குக் கிடைத்த மலிவு மின்சாரத்தைச் சந்தையில் மறுவிற்பனை செய்து, அலுமினியத்தில் பார்க்காத லாபத்தைப் பார்த்தது. குட்டி சால்மன்கள் கடலுக்குப் போக அணைகளின் மேல் திறந்துவிட வேண்டிய தண்ணீரை, அவசரநிலை என்று சொல்லிச் சுழலிகளுக்குத் திருப்பினார்கள். மைய ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் விலை வரம்பு விதிக்க ஜூன் மாதம் ஆயிற்று. அக்டோபரில் பான்வில் மொத்த விலை 46 சதவீதம் ஏறியது. மூடிய ஆலைகளில் பெரும்பாலானவை பிறகு திறக்கவே இல்லை.

அந்த ஓர் ஆண்டில் சேமிப்புப் பணிகள் மீண்டும் துள்ளி எழுந்தன, வாங்க வேண்டிய காலம் முடிந்த பிறகு. 1990களின் நடுவில், சரக்கு மலிவாக இருந்தபோது, அதே வேலை கைவிடப்பட்டிருந்தது. ஐந்தாவது திட்டத்தை எழுதியபோது மன்றம் இந்தப் பாடத்தைக் கணிதமாக்கியது. எரிவாயு விலை, நீர்வரத்து, தேவை, சந்தை விலை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டு 750 எதிர்காலங்களை உருவாக்கி, ஒவ்வொரு திட்டமும் அத்தனையிலும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தார்கள். சராசரிச் செலவும் குறைவாக, மிக மோசமான எதிர்காலங்களிலும் அடி குறைவாக இருந்த திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக்கூறு இருந்தது: சந்தை விலை எப்படி இருந்தாலும் சேமிப்பை ஆண்டுதோறும் நிற்காமல் வாங்கிக்கொண்டே போவது. ஐந்தாண்டில் 700 சராசரி மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். ஆண்டு முழுக்க ஒரு மெகாவாட் ஓடினால் வரும் 87.6 லட்சம் யூனிட்தான் ஒரு சராசரி மெகாவாட். வாஷிங்டன் மாநில மக்கள் 2006இல் வாக்கெடுப்பில், 25,000 வாடிக்கையாளருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் கட்டுப்படியாகும் சேமிப்பு முழுவதையும் வாங்கியாக வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். மன்றத்தின் பேச்சுக்கு அப்போதுதான் ஒரு பல் முளைத்தது.

நாற்பது ஆண்டுக் கணக்கைக் கூட்டினால் சேமிப்பு 7,000 சராசரி மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. வட்டாரத்தின் மின் ஆதாரங்களில் நீருக்கு அடுத்த இடம் அதற்குத்தான். 1980க்குப் பின் கூடிய தேவையில் பாதிக்கு மேல் அதனாலேயே ஈடாயிற்று. நிலக்கரியும் எரிவாயுவும் அதற்குப் பின்னால்.

மீன் விஷயத்தில் இப்படிச் சொல்ல முடியவில்லை. சட்டம் மின்சாரத்தையும் மீனையும் ஒரே மன்றத்தின் பொறுப்பில் வைத்தது. அணைகளுக்கு முன் ஆண்டுக்கு ஒரு கோடி முதல் 1.6 கோடிவரை சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் கொலம்பியாவுக்குத் திரும்பிவந்ததாக மன்றமே மதிப்பிட்டது. 50 லட்சம் என்பதை இலக்காக வைத்தது. அந்த இலக்கை இன்னும் எட்டவில்லை. 1991இல் ஸ்னேக் ஆற்றின் சாக்கை சால்மன் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. சந்தை நெருக்கினால் முதலில் விட்டுக்கொடுப்பது மீன்தான் என்பதை 2001 காட்டிவிட்டது. 1957இல் டால்ஸ் அணை நிரம்பியபோது மூழ்கிய சிலைலோ அருவியில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த பூர்வகுடிகளுக்கு இது புதுச்செய்தியாக இருந்திருக்காது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் கணக்கு மறுபடியும் கலைந்திருக்கிறது. 2011 வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியபோது, மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல், காற்றாலைகளை நிறுத்தச் சொன்னது பான்வில். (தமிழ்நாட்டில் ஆடிக்காற்று வீசும்போது இதே உத்தரவைப் பெற்ற காற்றாலைக்காரர்களுக்கு அந்தக் கோபம் விளங்கும்.) வாஷிங்டன் 2045க்குள்ளும், ஆரிகன் தன் பெரிய தனியார் நிறுவனங்களுக்கு 2040க்குள்ளும் கார்பன் இல்லாத மின்சாரம் என்று சட்டம் போட்டன. 2022இல் ஏற்கப்பட்ட எட்டாவது திட்டம் சூரியமின்சாரத்தின் விலைச் சரிவைப் பார்த்துச் சேமிப்பு இலக்கை முன்னைவிடக் குறைத்தது: 2027க்குள் 750 முதல் 1,000 சராசரி மெகாவாட்வரை. சட்டம் சொன்ன தராசின்படி அது சரியான முடிவே. ஆனால் தராசில் வைத்த சூரியமின்சாரம் பெரும்பாலும் பகலுக்கும் கோடைக்கும் உரியது. 2024 ஜனவரியில் கடுங்குளிர் தாக்கியபோது வடமேற்கு நிமிர்ந்து நின்றது வெளியிலிருந்து கம்பி வழியே வந்த மின்சாரத்தால். சுவருக்குள் இருக்கும் வெப்பத்தடுப்பு குளிர்கால இரவில்தான் அதிகம் உழைக்கிறது. அந்த நேர மதிப்பை மன்றம் குறைத்து எடைபோட்டுவிட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

சந்தையோ இன்னும் நுண்மையாகிவிட்டது. 2014 முதல் கலிஃபோர்னியாவை மையமாகக் கொண்ட ஒரு சந்தையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாநில எல்லை தாண்டி மின்சாரம் கைமாறுகிறது. பான்வில் 2022இல் சேர்ந்தது. அடுத்த கட்டமாக, மறுநாள் மின்சாரத்தை முந்தைய நாளே ஏலம் விடும் சந்தைகள் இரண்டு போட்டியிட, பான்வில் 2025 மே மாதம் கலிஃபோர்னியாவை விட்டு, ஆர்கன்சாஸைத் தலைமையிடமாகக் கொண்ட மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தது. வடமேற்கின் பெரிய தனியார் நிறுவனங்கள் சில கலிஃபோர்னியாப் பக்கம் போகின்றன. ஒரே ஆறு, ஒரே கம்பி வலை, இரண்டு சந்தைகள். நான்கு மாநிலங்களுக்கும் ஒரே திட்டம் எழுதும் மன்றம் இந்தத் தையலுக்கு இருபுறமும் எப்படிக் கணக்கெழுதும் என்பது ஒன்பதாவது திட்டத்தின் சோதனை.

அதைவிடக் கடினமான சோதனை டால்ஸ் ஊரில் தெரிகிறது. அலுமினிய ஆலை இருந்த அந்த ஊரில் கூகுள் 2006இல் தன் தரவு மையத்தைத் திறந்தது. வாஷிங்டனின் குவின்சியில் மைக்ரோசாஃப்ட் வந்தது, பின்னால் மற்றவை வந்தன. ஆலைகள் விட்டுப்போன இடத்தை, அதே மலிவு மின்சாரத்தைத் தேடி, கணினிகள் நிரப்புகின்றன. தேவை வளர்ச்சி பற்றிய கோடுகள் 1970களைப் போல மீண்டும் செங்குத்தாகின்றன. ஆலைகளோடு அன்றிருந்த ஓர் ஏற்பாட்டை இங்கே நினைவுகூர வேண்டும். 1980களின் ஒப்பந்தங்களில் அலுமினிய ஆலைகளுக்குத் தந்த மின்சாரத்தில் கால்பங்கு, தட்டுப்பாடு வந்தால் நிறுத்திவிடலாம் என்ற நிபந்தனையோடு வந்தது. மலிவு விலைக்கு அவர்கள் கொடுத்த ஈடு அது. வறண்ட ஆண்டில் வட்டாரத்துக்கு அதுவே கையிருப்பு. இப்போது தரவு மையங்கள் போன்ற பெரும் மின் நுகர்வோரைத் தனி வகையாகப் பிரித்து, அவர்களுக்காக ஆகும் செலவை அவர்களிடமே வசூலிக்க ஆரிகன் 2025இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. பான்வில் நிர்வாகத்தின் புதிய நீண்டகால ஒப்பந்தங்கள் 2028 அக்டோபரில் நடைமுறைக்கு வருகின்றன. 2001ஐப் போல இன்னொரு வறண்ட ஆண்டு வந்தால், நிறுத்தச் சொல்லும் உரிமை யாரிடம் யாருக்கு இருக்கும் என்பதை அதற்குள் எழுதி வைத்தாக வேண்டும்.